பிள்ளைகள் அதிகம் என்பதாலா வறுமை?

"இத்தனை ஜனத்தை வைத்துக்கொண்டு எந்த அரசாங்கம் வந்தாலும் என்னதான் செய்ய முடியும்?" பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக்குக் காத்திருக்கும் இடத்திலும் இதைக் கேட்டிருப்போம். நம்மில் பலர் சொல்லியும் இருப்போம். 'மக்கள்தொகைப் பெருக்கத்தின் தீமைகள்' என்று பள்ளியில் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தானே நாம். அதில் முதல் தீமையாக வறுமையைத்தான் எழுதுவோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது உண்மை போலத்தான் தெரிகிறது. நைஜர், சாட், சோமாலியா, காங்கோ என்று மக்கள்தொகை மிக வேகமாகப் பெருகும் ஆப்பிரிக்க நாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் பரம ஏழை நாடுகளின் பட்டியலிலும் அவைதான் இருக்கின்றன. இந்தியாவுக்குள்ளும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8. அதே காலத்துக்கு நிதி ஆயோக் கணக்கிட்ட பல்பரிமாண வறுமை (கல்வி, உடல்நலம், வாழ்க்கை வசதி ஆகியவற்றில் உள்ள குறைகளை வைத்து அளப்பது) பீகாரில் சுமார் 34 விழுக்காடு, தமிழ்நாட்டில் 2 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே தென்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. பிள்ளைகள் அதிகமானதால் ஏழையானார்களா, ஏழையாக இருப்பதால் பிள்ளைகள் அதிகமா, இல்லை இரண்டையும் வேறு ஏதோ ஒன்று உண்டாக்குகிறதா? இந்தக் கேள்விக்குத் தவறான பதிலை வைத்திருந்தவர்கள் அதிகாரத்தில் இருந்தபோதெல்லாம் விலை கொடுத்தது ஏழைகளின் உடம்புதான். அதனால் இதை அவசரமில்லாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் எங்கே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைப் பெருக்கம் வறுமையின் வேர் அல்ல. வறுமைதான் பெரும்பாலும் நிறையப் பிள்ளைகளைப் பெற வைக்கிறது. அதே சமயம், வேகமான பெருக்கம் அந்த வறுமையிலிருந்து ஏறி வருவதைக் கடினமாக்குகிறது என்பதையும் மறுக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள்.

தாது வருஷத்துக் கணக்கு

பெருக்கம்தான் வறுமைக்குக் காரணம் என்ற எண்ணத்துக்கு அப்பன் என்று சொல்லத்தக்கவர் தாமஸ் மால்தஸ். உணவு உற்பத்தி மெல்ல வளரும், மக்கள் மடங்கு மடங்காகப் பெருகுவார்கள், கடைசியில் பஞ்சமும் நோயும் வந்து கணக்கை நேர்செய்யும் என்று 1798-இல் எழுதினார். பலருக்கும் தெரியாத ஒரு செய்தி, அவருடைய வேலை நம்மோடு நேரடியாகத் தொடர்புடையது என்பது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் ஹெய்லிபரியில் நடத்திய கல்லூரியில் 1805 முதல் 1834-இல் சாகும்வரை அவர்தான் பொருளாதாரப் பேராசிரியர். இந்தியாவை ஆள வந்தவர்களில் ஒரு தலைமுறைக்கு மேல் அவரிடமே பாடம் கேட்டுவிட்டுக் கப்பலேறியது.

அந்தப் பாடத்தின் விளைவை 1876-78இல் சென்னை மாகாணம் அனுபவித்தது. நம் பாட்டன் பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது இதைத்தான். மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. விலையில் தலையிடக் கூடாது என்பது அரசின் கொள்கை. இந்திய மக்கள்தொகை நிலம் தரும் உணவைவிட வேகமாகப் பெருகுகிறது என்று வைஸ்ராய் லிட்டன் சட்டசபையிலேயே பேசினார். நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், கல்லுடைக்கும், மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், கொஞ்சம் காசும் போதும் என்று நிர்ணயித்தார். அது போதாது, குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் போராடினார். அளவு கொஞ்சம் உயர்த்தப்பட்டது. அதற்குள் நிவாரண முகாம்களில் சாவு குவிந்துவிட்டது. தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பதே குறைவான மதிப்பீடு.

இதே டெம்பிள் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக வீண்செலவு செய்தார் என்று மேலிடத்தில் திட்டு வாங்கினார். அந்தக் கெட்ட பெயரைத் துடைக்கத்தான் சென்னையில் கையை இறுக்கினார். அந்த இரண்டு மூன்று வருடத்தில் நாட்டின் மக்கள்தொகை பெரிய அளவில் மாறிவிடவில்லை. மாறியது அரசின் முடிவு.

இன்னொரு எண்ணைப் பாருங்கள். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25.2 கோடிப் பேர் இருந்தார்கள். 1921-இல் 25.1 கோடி. பத்து வருடத்தில் மக்கள்தொகை கூடவே இல்லை, குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய 50 ஆண்டுகளிலும் வளர்ச்சி மிக மெதுவானதுதான். பிள்ளைகள் குறைவாகப் பிறந்ததால் அல்ல, பிறந்தவர்கள் காலராவிலும் பிளேக்கிலும் பஞ்சத்திலும், 1918-இன் விஷக்காய்ச்சலிலும் மாண்டதால். பெருக்கம்தான் வறுமைக்குக் காரணம் என்றால், பெருக்கமே இல்லாத அந்தக் காலம் நம் செழிப்பான காலமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. விடுதலைக்குப் பிறகு, 1951-இல் 36 கோடியாக இருந்த நாம் இன்று 140 கோடியைத் தாண்டிவிட்டோம், ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே காலத்தில் உணவு தானிய உற்பத்தி ஆண்டுக்கு 5 கோடி டன்னிலிருந்து 33 கோடி டன்னுக்கு மேல் ஆகியிருக்கிறது, ஆறு மடங்குக்கு மேல்.

உலக அளவிலும் இதே கதைதான். 1990-இல் உலகில் 530 கோடிப் பேர், அதில் மிகக் கொடிய வறுமையில் இருந்தவர்கள் சுமார் 200 கோடி என்று உலக வங்கி கணக்கிட்டது. 2019-இல் 770 கோடிப் பேர், அதே அளவுகோலின்படி கொடிய வறுமையில் சுமார் 70 கோடி. ஆள் கூடக்கூட ஏழைகள் குறைந்திருக்கிறார்கள். எதிர்த் திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 2022-இல் இலங்கையில் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் மக்கள் நாள்கணக்கில் நின்றபோது, ஒரே வருடத்தில் வறுமை 13 விழுக்காட்டிலிருந்து 25 ஆக ஏறியபோது, அந்த நாட்டின் மக்கள்தொகை வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை.

பொருளாதார அறிஞர்கள் சொன்னது

சரி, அப்படியென்றால் பெருக்கம் ஒரு பொருட்டே இல்லையா? அப்படியும் இல்லை. 1958-இல் ஆன்ஸ்லி கோல், எட்கர் ஹூவர் என்ற இரு அமெரிக்கர்கள் இந்தியாவையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார்கள். அவர்கள் தலைகளை மட்டும் எண்ணவில்லை, வயதைப் பார்த்தார்கள். பிறப்பு விகிதம் அதிகமுள்ள நாட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொருவரையும் நம்பிச் சம்பாதிக்காத குழந்தைகள் அதிகம் இருப்பார்கள். குடும்பத்துக்குச் சேமிப்பு மிஞ்சாது. அரசும் இருக்கிற பள்ளியை நல்ல பள்ளி ஆக்குவதற்குப் பதிலாக, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இன்னொரு கூரைக் கொட்டகை போடுவதிலேயே பணத்தைச் செலவழிக்கும். பிறப்பு விகிதம் குறைந்தால் முப்பது வருடத்தில் இந்தியரின் சராசரி வருமானம் சுமார் 40 விழுக்காடு கூடுதலாக இருக்கும் என்பது அவர்கள் முடிவு.

இந்தக் கணக்கில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் 1967-இல் சைமன் குஸ்நெட்ஸ் வளரும் நாடுகளின் உண்மையான புள்ளிவிவரங்களை வைத்துப் பார்த்தபோது, மக்கள்தொகை வளர்ச்சிக்கும் தனிநபர் வருமான வளர்ச்சிக்கும் உருப்படியான தொடர்பு எதுவும் தென்படவில்லை. தென்கொரியா 1960களில் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் மக்கள்தொகை பெருகிக்கொண்டே வருமானத்திலும் பாய்ந்தது. பிற்பாடு, 1980களின் தரவுகளில் எதிர்மறைத் தொடர்பு தெரிந்தது. 1986-இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கவுன்சில் எல்லாவற்றையும் அலசிவிட்டு, பெருக்கம் மெதுவாக இருப்பது பெரும்பாலான வளரும் நாடுகளுக்கு நல்லதுதான், ஆனால் வறுமைக்கு முதன்மைக் காரணம் அது அல்ல என்கிற ரீதியில் முடித்தது. எனக்கு இது நியாயமான முடிவாகவே படுகிறது. மோசமான நில உரிமை, ஊழல், போர், பள்ளிக்கூடமில்லாத ஊர் ஆகியவற்றின் பாரத்தைப் பெருக்கம் கூட்டுகிறது. அவற்றை அது உண்டாக்கவில்லை.

வயதுக் கணக்கின் நல்ல முகத்தைக் கிழக்காசியா காட்டியது. பிறப்பு குறைந்து, உழைக்கும் வயதினர் அதிகமாக இருந்த காலத்தில் அவர்களுக்கு வேலையும் கல்வியும் இருந்தன. 1965 முதல் 1990 வரையிலான கிழக்காசிய வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரை இதனால் வந்திருக்கலாம் என்று பொருளாதார அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். வேலை இல்லாத இடத்தில் இதே வயதுக் கூட்டம் தெருவில் நிற்கும்.

ஏழைக்குத் தெரிந்த கணக்கு

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டில் ஆறு பிள்ளைகள் என்பது அறியாமையாகத் தெரிகிறது. பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் மனுப்பூர் என்ற ஊர். 1950களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு அந்தப் பகுதி ஊர்களுக்கு வந்து கருத்தடை மாத்திரைகளை வீடு வீடாகக் கொடுத்தது. மக்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள், பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. பிறகு அங்கே போன மஹ்மூத் மம்தானி என்ற இளம் ஆய்வாளர் ஏன் என்று கேட்டார். "தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், முகத்தை முறிப்பானேன்" என்கிற மாதிரியான பதில்கள் வந்தன. தண்ணீர் சுமந்து பிழைத்த ஒருவர், 1960-இல் இனிப் பிள்ளை வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொன்னார்கள், இன்று என் ஆறு பையன்கள் உழைக்கிறார்கள், நான் வீட்டில் ஓய்வாக இருக்கிறேன் என்று சொல்லிக்காட்டினார்.

அவர் முட்டாள் அல்ல. நிலமில்லாதவருக்குப் பிள்ளையின் கைதான் சொத்து. பென்ஷன் கிடையாது, காப்பீடு கிடையாது. வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஒரு மகன் இருக்க வேண்டும். பிறக்கும் பிள்ளைகளில் நான்கில் ஒன்று ஐந்து வயதுக்குள் சாகும் என்றால், ஒரு மகனாவது மிஞ்சுவதை உறுதிசெய்ய எத்தனை பெற வேண்டும்? 1950களின் இந்தியாவில் நிலவரம் அதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மனுப்பூரில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆறு பிள்ளையால் அப்பாவுக்கு ஓய்வு கிடைத்தது. அம்மாவுக்கு? பத்து வருடம் கர்ப்பமும் பாலூட்டலுமாகப் போன உடம்பு அது. குடும்பத்துக்கு லாபம் என்று சொல்லும்போது குடும்பத்துக்குள் யாருக்கு லாபம், யாருக்குச் செலவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஈரோட்டுப் பெரியார் 1930-லேயே இதைப் பிரித்துப் பார்த்தார். நாட்டின் வறுமை தீரவும், தாயின் ஆரோக்கியத்துக்காகவும், குடும்பச் சொத்து சிதறாமலிருக்கவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், நாமோ பெண்ணின் விடுதலைக்காகவும் சுயேச்சைக்காகவும் கேட்கிறோம் என்று எழுதினார். உலக நாடுகள் 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டில்தான் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன.

ஒரே நாடாக இருந்த இரண்டு நாடுகள்

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வங்கதேசம். 1970 நவம்பரில் போலா புயல், குறைந்தது மூன்று லட்சம் சாவு. 1971-இல் போர், இனப்படுகொலை. 1974-இல் பஞ்சம். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சமே பெரிய நிலப்பரப்பில் அப்போதே சுமார் 7 கோடிப் பேர், ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல். மால்தஸ் சொன்னது பலிக்கப்போகிற இடம் இதுதான் என்று மேற்கத்திய நாடுகளில் பலர் கைகழுவிவிட்டார்கள்.

பக்கத்தில் வைத்து ஒப்பிட, அதே நாட்டின் மறுபாதி இருக்கிறது. 1951 கணக்கெடுப்பில் கிழக்குப் பாகிஸ்தானில் சுமார் 4.2 கோடி, மேற்கில் சுமார் 3.4 கோடி. கிழக்கில்தான் ஆள் அதிகம், நிலம் குறைவு, வருமானமும் குறைவு. இன்று பாகிஸ்தானில் 24 கோடி, வங்கதேசத்தில் 17 கோடி. வங்கதேசத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், பாகிஸ்தானில் சுமார் 300. அடர்த்திதான் வறுமை என்றால் வங்கதேசம் பின்தங்கியிருக்க வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் அது தனிநபர் வருமானத்தில் பாகிஸ்தானைத் தாண்டிப் போனது.

எப்படி நடந்தது? ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. முதலில் குழந்தைகளைச் சாகாமல் காப்பாற்றினார்கள். வயிற்றுப்போக்குதான் பெரிய எமன். 1980 முதல் பத்து வருடம் 'பிராக்' என்ற தொண்டு அமைப்பின் பெண்கள் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய், மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி, எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதற்கு அல்ல. சில வாரம் கழித்து வேறொருவர் வந்து கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஏழைகளுக்கான திட்டம் என்றால் எண்ணிக்கையை நிரப்பினால் போதும் என்று பழகிப்போன நம் ஊர் அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, கருத்தடை. அரசு ஆயிரக்கணக்கில் பெண் ஊழியர்களை நியமித்தது. பர்தாவைத் தாண்டி வெளியே வர முடியாத பெண்களின் வாசலுக்கு இவர்கள் போனார்கள். மேக்னா ஆற்றங்கரையில் மத்லப் என்ற வட்டாரத்தில் இதை முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். முதலில், 1975-இல், மாத்திரையையும் ஆணுறையையும் வீடு வீடாக இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நீடிக்கவில்லை. மாத்திரையால் தலைசுற்றினால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பெண்கள் விட்டுவிட்டார்கள். 1977-இல் முறையை மாற்றினார்கள். சுமார் 70 கிராமங்களில் படித்த, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். மாத்திரை, ஊசி, காப்பர்-டி என்று எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம், தொந்தரவு வந்தால் மருத்துவம் உண்டு. பக்கத்துக் கிராமங்களில் வழக்கமான அரசு சேவை மட்டும். ஒன்றரை வருடத்தில் கருத்தடை பயன்படுத்துவோர் பத்து விழுக்காட்டுக்குக் கீழிருந்து முப்பதை ஒட்டி வந்தார்கள்.

ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 1996-இல், இரண்டு தரப்புக் கிராமங்களையும் விரிவாக ஆய்வு செய்தார்கள். சேவை கிடைத்த ஊர்களில் பிறப்பு சுமார் 15 விழுக்காடு குறைவு. அத்துடன் குழந்தைச் சாவு குறைவு, பெண்களின் உடல் எடை மேம்பட்டிருந்தது, அவர்கள் சம்பாத்தியம் கூடுதல், வீட்டுச் சொத்தும் கூடுதல். பெருக்கத்துக்கும் வறுமைக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாடும் நண்பர்களுக்கு நான் மத்லப்பைத்தான் காட்டுவேன். நாட்டுக் கணக்கில் மங்கலாகத் தெரிவது வீட்டுக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. தான் விரும்பியபோது, விரும்பிய அளவு பிள்ளை பெற முடிந்த பெண்ணின் குடும்பம் கொஞ்சம் மேலேறி இருக்கிறது.

வங்கதேசம் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. 1974-இல் புகாரெஸ்ட் உலக மக்கள்தொகை மாநாட்டில் நம் அமைச்சர் கரண் சிங் "வளர்ச்சிதான் சிறந்த கருத்தடை" என்றார், அந்த வாக்கியம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் வங்கதேசத்தில் 1975-இல் 6.3 ஆக இருந்த கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள்) 1993-94இல் 3.4 ஆக இறங்கியபோது நாடு இன்னும் ஏழையாகவே இருந்தது. வருமானப் பாய்ச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. 1994 முதல் மாணவிகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை நாடு முழுக்கக் கிடைத்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு இழுத்தன. 2000-இல் கிட்டத்தட்ட பாதிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 2022-இல் 18.7 விழுக்காடு.

இதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2013-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தது அதே ஆடைத் தொழிலில்தான். பாதிப் பெண்களுக்கு இன்னும் 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகிவிடுகிறது.

கட்டாயம் செய்த கேடு

காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நெருக்கடி நிலைக் காலமே சாட்சி. 1952-இலேயே அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய முதல் நாடு இந்தியா. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணத்தோடு இதமாகப் பேசிக்கொண்டிருந்த அதே திட்டம், 1976-77இல் ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தது. பெரும்பாலோர் ஆண்கள். ஆள் பிடித்துத் தராத ஆசிரியர்களுக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தை போலீஸ் விடிகாலையில் சுற்றி வளைத்து ஆண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த தேர்தலில் அரசு விழுந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஆண்களுக்கான வாசக்டமி என்ற எளிய, பாதுகாப்பான சிகிச்சையின் பெயரே கெட்டது. பாரம் முழுக்கப் பெண்கள் மேல் இறங்கியது. 2019-21 ஆய்வில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 38 விழுக்காடு, ஆண்கள் 0.3. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இலக்கு வைத்து எண்ணிக்கையைத் துரத்தும் இடத்தில் மனுஷி கண்ணில் படுவதில்லை.

இவ்வளவும் செய்தால்தான் பிறப்பு குறையும் என்றாலாவது விவாதிக்கலாம். சீனா ஒரு குழந்தைக் கொள்கையைத் தொடங்கிய 1979-இல் அதன் கருவள விகிதம் 2.8, 1991-இல் 2.0. அதே ஆண்டுகளில் கேரளம் 3.0-இலிருந்து 1.8-க்கும், தமிழ்நாடு 3.5-இலிருந்து 2.2-க்கும் வந்தன. இந்த ஒப்பீட்டை எடுத்துக்காட்டியவர் அமர்த்தியா சென். தமிழ்நாட்டில் அபராதமும் இல்லை, வேலை பறிப்பும் இல்லை. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, வீட்டுக்கு வந்த கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், ஊருக்குள் வந்த பேருந்து, படித்த பெண் பிள்ளை ஆகியவை சேர்ந்து செய்த வேலை.

பெருமைப்படும் நேரத்தில் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. குடும்பம் சிறுத்தது, மகன் ஆசை சிறுக்கவில்லை. உசிலம்பட்டியிலும் சேலத்திலும் தர்மபுரியிலும் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டன. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தாலே பெண்ணுக்கு விடிவு வந்துவிடும் என்பதும் பொய்.

இப்போது காற்று திரும்பி வீசுகிறது. 1971 கணக்கெடுப்பின்படி உறைந்திருக்கும் மக்களவைத் தொகுதிகள் புதிய மக்கள்தொகைக் கணக்குப்படி மறுசீரமைக்கப்பட்டால் தெற்கு நஷ்டப்படும் என்ற கவலையும், முதியோர் விகிதம் கூடுகிறது என்ற கவலையும் எழுந்த நேரத்தில், 2024 அக்டோபரில் ஆந்திர, தமிழ்நாட்டு முதல்வர்கள் இருவருமே அதிகப் பிள்ளைகள் பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். தொகுதிக் கவலை நியாயமானது, அதற்குத் தீர்வு அரசியல் சட்டத்தில் இருக்கிறது. குறைத்துப் பெறு என்று சொன்ன அதே அதிகாரம் கூட்டிப் பெறு என்று சொன்னால், இரண்டு தடவையும் பெண்ணின் கர்ப்பப்பை அரசின் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

நைஜர் என்ன செய்வது?

இந்த வாதம் எல்லாம் கடினமான சோதனையைச் சந்திக்கும் இடம் நைஜர். 1960-இல் விடுதலை பெற்றபோது சுமார் 34 லட்சம் பேர். இன்று இரண்டரைக் கோடிக்கு மேல். நாடு பரப்பில் பெரியது, ஆனால் பெரும்பகுதி சஹாரா. கம்பு விளையும் நிலம் தெற்கில் ஒரு பட்டையாக மட்டும். மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 15 வயதுக்குக் கீழ். மக்கள்தொகை இருபது வருடத்தில் இரட்டிப்பாகிற வேகம். இன்று இருக்கும் அரைகுறைத் தரத்தைக் காப்பாற்றுவதற்கே இருபது வருடத்தில் இரண்டு மடங்கு வகுப்பறை, இரண்டு மடங்கு ஆசிரியர், இரண்டு மடங்கு செவிலியர் வேண்டும். கோலும் ஹூவரும் சொன்ன பாரம் இங்கே கண்கூடு. இங்கே போய்ப் பெருக்கம் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே நாட்டின் ஆர்லிட் சுரங்கத்து யுரேனியம் பல பத்தாண்டுகள் பிரான்சின் அணு உலைகளுக்குப் போனது. நைஜரில் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம். பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து இதை விளக்க முடியாது.

மாத்திரையைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் இங்கே தீராது. 2012 ஆய்வில், எத்தனை பிள்ளை இருந்தால் நல்லது என்று கேட்டபோது நைஜர் பெண்கள் சொன்ன சராசரி ஒன்பதுக்கும் மேல், ஆண்கள் சொன்னது அதைவிட அதிகம். 18 வயதுக்கு முன் திருமணமாகும் பெண்கள் நான்கில் மூன்று பேர். பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, பிள்ளையால் மட்டுமே மதிப்புப் பெறும் பெண் ஒன்பது என்று சொல்வதில் அவளுடைய விருப்பம் எவ்வளவு, அவளுக்கு வேறு வழியே காட்டப்படாதது எவ்வளவு? அதே ஆய்வில் பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரி எட்டுப் பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளி வரை போனவர்களுக்கு ஐந்தை ஒட்டி. சிந்தர் பகுதியில் 2007 முதல் 'கணவர்கள் பள்ளி' என்று ஒன்றை ஐ.நா. மக்கள்தொகை நிதியம் நடத்துகிறது. ஊர் ஆண்கள் கூடி, மனைவியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பற்றியும் பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி விடுவது பற்றியும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கிறார்கள். வெளியாள் வந்து போதிப்பதைவிட இது எடுபடுகிறது.

இப்படிப்பட்ட வேலைகளுக்கு வேண்டியது காலமும் பணமும். 2023 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐரோப்பிய நாடுகள் நிதி உதவியை நிறுத்தின. அந்த ஆண்டுக்கான பட்ஜெட்டை 40 விழுக்காடு வெட்டுவதாக நைஜர் அக்டோபரில் அறிவித்தது. அங்கே இன்று பத்து வயதில் இருக்கும் பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் பதினெட்டு வயது வரை பள்ளியில் இருப்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் 2050-இல் அந்த நாட்டின் மக்கள்தொகை அமையும்.